ஆக்சிலேட்டர் கேபிளும் அத்தைக்கு எடுத்த புடவையும்

கலை, சேகர், உங்கள் இரண்டு பேருக்கும் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் எதையும் சொல்லாமல் இருந்தோம். போனில் கேட்டபோதெல்லாம் "அத்தைக்குப் பரவாயில்லை" என்றுதான் அம்மாவும் நானும் சொன்னோம். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. நேரில் சொல்ல உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன். நம் பழைய மோட்டார் சைக்கிளை இனி நீங்கள்தான் ஓட்டப் போகிறீர்கள். அந்தப் பயணத்தில் அத்தைக்கு நடந்ததையும் வண்டிக்கு நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாக எழுத எனக்குத் தெரியவில்லை.

சரோஜா அத்தையைத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை. "மச்சான், ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போ" என்று முனிரத்தினம் மாமா போன் செய்தார். குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்க மனம் இல்லாமல் வண்டியை எடுத்தேன்.

புறப்படும்போதே ஆக்சிலேட்டர் கனமாக இருந்தது. திருகினால் மெதுவாக ஏறும். விட்டால் சட்டென்று திரும்பாமல் யோசித்து யோசித்துத் திரும்பும். மழைக்காலம் முடிந்து வண்டி பல நாள் கொட்டகையிலேயே நின்றிருந்தது, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆகாது. ஆக்சிலேட்டர் கனமாகத் தெரிந்தால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் கையை விட்டேன், கிரிப் திரும்பவில்லை. திருகின இடத்திலேயே நின்றுவிட்டது. இஞ்சின் கத்துகிறது, பிரேக்கை மிதிக்கிறேன், வண்டி முட்டிக்கொண்டு முன்னால் இருந்த ஆட்டோவின் பின்பக்கத்தில் போய்ச் சாய்ந்தது. ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். தெலுங்கில் அவர் சொன்னது இதுதான்: "ஏமய்யா, சாமியைப் பார்க்க அவ்வளவு அவசரமா? மலைக்குப் போகிற வழி அந்தப் பக்கம். என் ஆட்டோவுக்குள்ளே இல்லை." ஆட்டோவுக்குள் மொட்டைத் தலையோடு ஒரு குடும்பமே இருந்தது. சந்தனம் பூசின தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன. "அவருக்கு இன்னும் முடி இருக்குது, அதக் குடுக்கத்தான் அவசரம்" என்று உள்ளேயிருந்து ஒரு பெரியவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிள்ளைகளே, இதை மனசில் வையுங்கள். ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் முதலில் கிளட்ச்சைப் பிடியுங்கள், பிறகு சாவியைத் திருகி இஞ்சினை அணையுங்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இஞ்சினோடு சண்டை போடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் அத்தை ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்தாள். முகம் உப்பி, கால் உப்பி, என் தங்கை மாதிரியே இல்லை. கண் மட்டும்தான் அவளுடையது. மாமா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவப் போய்விட்டார். கழுவி முடிக்க அவருக்கு நிறைய நேரம் ஆனது.

"வெளில இன்னா துன்னே?" என்று கேட்டாள் சரோஜா.

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ புண்ணியவான்கள் புளிசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளோடு வந்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். நானும் ஒரு தொன்னை வாங்கித் தின்றிருந்தேன்.

"புளிசாதம்."

"உப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்குதான் உப்பே போடக் கூடாதுன்னுட்டாங்க. நீ போகும்போது எம்பேர்ல இன்னொரு வாய் துன்னுட்டுப் போ."

டாக்டரம்மா வந்து மாமாவை வெளியே கூப்பிட்டு, தெலுங்கில் மெதுவாகப் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பிடித்தவர்களோடு இருக்கட்டும் என்றார். கட்டிலில் இருந்தவளுக்கு அந்தப் பேச்சு காதில் விழவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? திட்டாதே."

"கேளு."

"எனக்கு நீ கோடி எடுத்துக்கினு வருவே இல்ல?"

உங்களுக்குத் தெரியும், ஒரு பொம்பளை செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டு வர வேண்டும். கோடி என்பது அதுதான். அதைப் போர்த்தாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எத்தனை பேர் வந்திருந்தாலும், மேளம் அடித்து ஓய்ந்தாலும், அண்ணன் வரும் வரைக்கும் அவள் வாசலில்தான் கிடப்பாள்.

நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"அந்தப் புடவய எல்லாரும் பாப்பாங்க. இன்னா கலரு, இன்னா பார்டர், அண்ணன் நல்லதா எடுத்தானா, மட்டமா எடுத்தானான்னு ஊரே பேசும். எனக்கு எடுத்தத நான் மட்டும் பாக்க மாட்டேன். இது இன்னா நியாயம்?"

"சும்மா இரும்மா."

"கண்ணு இருக்கும்போதே கொண்டாந்து காட்டுண்ணா. கத்திரிப்பூ கலரு. கடுகு கலர்ல பார்டர். கட்டிப் பாத்துடறேன்."

அவள் வாழ்க்கையில் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டது குறைவு. சரி என்று சொல்லிவிட்டேன். மாமா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் கை கழுவப் போய்விட்டார்.

அன்று மத்தியானமே ஆம்புலன்ஸில் அவளை ஊருக்கு ஏற்றி அனுப்பினோம். ஆம்புலன்ஸ் போனதும் நான் வண்டியைப் பிரித்தேன். பக்கத்தில் ஒரு தையல் கடை இருந்தது. தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் கொஞ்சம் கேட்டேன், கொடுத்தார்கள். அந்த எண்ணெய்தான் இதற்குச் சரி. கெட்டி எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து இன்னும் மோசமாகும். வலது கைப்பக்கம் ஸ்விட்ச் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றினால் கேபிளின் நுனியில் ஒரு ஈயக் குமிழ் இருக்கும். அதை வெளியே எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையைக் கத்தரித்துப் புனல் மாதிரி கேபிளின் வாயில் கட்டி, எண்ணெய் ஊற்றி, உள்கம்பியை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கார்ப்பரேட்டர் பக்கம் எண்ணெய் சொட்டினால் உள்ளே முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். முதலில் கறுப்பாகத்தான் சொட்டியது. பிறகு தெளிந்தது.

ஒன்று கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குமிழுக்குப் பக்கத்தில் கம்பியின் இழைகள் இரண்டு மூன்று அறுந்து, துடைப்பக் குச்சி மாதிரி விரிந்திருந்தன. எண்ணெய் அதைச் சரி செய்யாது. இழை அறுந்திருப்பதைப் பார்த்தால் கேபிளை மாற்றுங்கள், யோசிக்காதீர்கள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"உசுரோட கீறவளுக்கு யாராவது கோடி எடுப்பாங்களா? போ போன்னு நாமளே தொரத்தற மாதிரி இல்ல?"

"அவளேதான் கேட்டா."

"கேட்டா? காய்ச்சல்ல புள்ளைங்க ஐஸ்கூட கேக்குது. குடுத்துடறமா?"

காலையில் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்து நின்றாள். "கத்திரிப்பூ கலர்னு வெளிறினதா எடுத்துடாதே. சரோஜா நம்மள விட கருப்பு. அழுத்தமா எடு. எடுத்துக்கினு வூட்டுக்குள்ள வராதே, அப்படியே போயிடு" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நகரியில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டேன். உள்சந்துகளில் பவர்லூம் சத்தம் ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் பாயில் உட்கார வைத்து, "நல்ல காரியத்துக்கா, கோடிக்கா?" என்று கேட்டார். அங்கே எல்லாக் கடையிலும் அப்படித்தான் கேட்பார்கள். கோடி என்றால் பெட்டியில் போட மாட்டார்கள், போய் வாருங்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

"கட்டிக்கறதுக்கு" என்றேன்.

"கட்டிக்கறதுக்குத்தான் எல்லாரும் எடுக்கறாங்க, நைனா" என்று சிரித்துக்கொண்டே விரித்துக் காட்டினார். கத்திரிப்பூவிலேயே எத்தனை விதம் இருக்கிறது தெரியுமா? நான் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்துப் பார்த்து ஒன்றை எடுத்தேன். பார்டர் சரியான கடுகு நிறம். கடைக்காரர் பெட்டியில் போட்டுக் கொடுத்து, "போய் வாங்க" என்றார். அதைக் கேட்க நன்றாக இருந்தது. புடவையைப் பையில் வைத்து, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

புத்தூர் எல்லையில் கேபிள் அறுந்தது. அறுவதற்கு முன்னால் கிரிப்பில் ஒரு வெடுக்கென்ற துள்ளல் தெரிந்தது, அப்புறம் கை காற்றில் திருகுகிற மாதிரி லேசாகிவிட்டது. இஞ்சின் ஓடுகிறது, வேகம் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். கார்ப்பரேட்டரில் சும்மா நிற்கும்போது ஓடுகிற வேகத்தை வைக்கிற ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதை உள்ளே திருகினால் இஞ்சின் தானாகக் கொஞ்சம் உறுமும். முதல் கியரில் கிளட்ச்சை விட்டு விட்டு, மாட்டுவண்டி வேகத்தில் போகலாம். அப்படித்தான் மெக்கானிக் கடை வரைக்கும் போனேன். ஒரு எருமை மந்தை என்னைத் தாண்டிக்கொண்டு போனது.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். "இதுக்கு இன்னும் பென்ஷன் குடுக்கலியா?" என்றார். நம் மாடலுக்குக் கேபிள் இப்போது வருவதில்லையாம். வேறு வண்டியின் கேபிளை எடுத்தார். "கொஞ்சம் நீளம். சுத்தி விட்டுட்டா சரியாப் பூடும்." நான் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்து அவரும் அவசர அவசரமாக மாட்டினார். மிச்ச நீளத்தை ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு வளையமாகச் சுற்றி, சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். நேராக வைத்துத் திருகிப் பார்த்தோம். நன்றாக இருந்தது. நேராக வைத்து மட்டும்தான் பார்த்தோம்.

கார்வேட்டிநகரம் தாண்டி, வெதுருகுப்பம் பக்கமாகப் போகிற ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் கடலைக்காடு, அதைத் தாண்டினால் கரும்பு, அப்புறம் மாந்தோப்பு. நம் பக்கம் போலவேதான், மண் மட்டும் இன்னும் சிவப்பு. ஒரு வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. இடது பக்கம் ஒடித்தேன். ஒடித்ததும் இஞ்சின் தானாகக் கத்த ஆரம்பித்தது. நான் கையைத் திருகவே இல்லை. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, கடலைக்காட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டது. முட்டி தேய்ந்தது. கையால் பையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன்.

கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். அடி பெரிதாக இல்லை என்று தெரிந்ததும் ஒரு அம்மா தெலுங்கில், "எங்களுக்குக் கூலி கொடுத்துப் பிடுங்கச் சொல்லியிருக்கிறார்கள், நீ எதற்கு வண்டி வைத்துப் பிடுங்குகிறாய்?" என்றாள். நான் தமிழ் என்று தெரிந்ததும் இன்னொரு அம்மா, "இவங்களுக்கு வாய்தான் வேல செய்யும். நீ நெழல்ல உக்காருப்பா" என்று தண்ணீர் கொடுத்தாள். மண் ஒட்டின பச்சைக் கடலை ஒரு பிடி கையில் திணித்தாள்.

அப்போதுதான் மாமாவின் போன் வந்தது.

"எங்க கீறே மச்சான்? கண்ண மூடிக்கினே கீறா. நடுவுல நடுவுல அண்ணன் வந்துச்சான்னு மட்டும் கேக்குறா."

"வந்துக்கினே கீறேன்" என்றேன். வண்டி படுத்திருந்தது.

பஸ் எப்போது என்று கேட்டேன். அந்த ரோட்டில் அடுத்த பஸ் சாயந்திரம்தானாம். என்ன விஷயம் என்று தண்ணீர் கொடுத்த அம்மா கேட்டாள். சொன்னேன். "போன்ல படம் தெரியற மாதிரி போட்டுக் காட்டேன்பா, வண்டி கிடக்கட்டும்" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. பெட்டியைத் திறந்து, புடவையைப் போனுக்கு முன்னால் பிடித்தேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மாமா போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"நீலமா கீதே, ண்ணா."

"நீலம் இல்லம்மா, கத்திரிப்பூ. போன்ல அப்படித் தெரியுது."

"நீலந்தான்" என்றாள். லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

தெலுங்கில் கேலி செய்தாளே, அந்த அம்மா பாவாடையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு புடவையை ஒரு விரலால் தொட்டாள். "என் அண்ணன் எனக்கு என்ன நிறம் எடுப்பானோ" என்றாள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து வண்டியைத் தூக்கி ரோட்டில் நிறுத்தினார்கள்.

வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். நேராக இருந்தால் நன்றாக இருக்கிறது, திருப்பினால் கத்துகிறது. அப்படியென்றால் திருப்பும்போது யாரோ கேபிளை இழுக்கிறார்கள். இஞ்சினைப் போட்டு, நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்டில் பாரை வலது பக்கம் முழுக்கத் திருப்பினேன். சத்தம் மாறவில்லை. இடது பக்கம் திருப்பினேன், கத்தியது. மெக்கானிக் சுற்றிக் கட்டின வளையம்தான். இடது பக்கம் போகும்போது கேபிளுக்கு நகர இடம் இல்லை. இறுகிக்கொண்டு உள்கம்பியை இழுத்தது.

கட்டை அறுத்தேன். அறுக்க அந்த அம்மாதான் களைக்கொத்தியைக் கொடுத்தாள். பழைய கேபிள் எந்த வழியாகப் போயிருந்தது என்று டேங்குக்குக் கீழே தேய்ந்திருந்த தடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, புதியதையும் அதே வழியில் விட்டேன். மிச்ச நீளத்தை மடிக்காமல், டேங்குக்கு அடியில் பெரிய வளைவாக, தளர்வாகப் படுக்க வைத்தேன். நீங்கள் கேபிள் மாற்றும்போது கழற்றுவதற்கு முன்னாலேயே அது போகிற வழியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு அட்ஜஸ்டர் நட்டைத் திருகி, கிரிப்பில் ஒரு நெல் அளவுக்கு மட்டும் சும்மா ஆடுகிற இடம் விட்டு, லாக் நட்டை இறுக்கினேன். மறுபடியும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சத்தம் மாறவில்லை.

"போய்ட்டு வா. பாத்துடுவா" என்றார்கள் அந்தப் பெண்கள்.

அத்தை ஊருக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வாசலில் மாமாவின் அக்கா லட்சுமம்மா நின்றிருந்தாள். பையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"கோடியோட உள்ள ராவத்து, வராதே. மூச்சு கீது இன்னும் அவளுக்கு" என்றாள், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக.

"பெத்தம்மா, அதுதான் கேக்குறா" என்றேன்.

"கேட்டா நீ தெச்சுடுவியா? ஊருல நாலு பேரு இன்னா அனுவாங்க?" கொண்டு வந்துவிடுவாயா, ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறாள்.

மாமா உள்ளேயிருந்து வந்தார். அவர் அக்காவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. "அக்கா, அவ வூடு, அவ புடவ. தள்ளிக்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். லட்சுமம்மா தள்ளிக்கொண்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையெல்லாம் கிரீஸ். பெட்டியை மாமாதான் திறந்து அவள் மார்பின் மேல் புடவையை விரித்தார். கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்டரை விரலால் நீவினாள். வெகுநேரம் நீவினாள்.

"நீலம் இல்ல" என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"கட்டி வுடு."

யார் கட்டி விடுவது? எனக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. வாசலில் நின்றிருந்த லட்சுமம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "ஆம்பளைங்க வெளில போங்க" என்றாள். நாங்கள் வந்துவிட்டோம். உள்ளே அவள் திட்டுவது கேட்டது, "காலத் தூக்கு, மெல்ல, இன்னும் கொஞ்சம், இவ்ளோ ஒசரத்துக்கு இன்னா ராஜாத்தியா நீ" என்று. நடுவில் அத்தை சிரிக்கிற சத்தமும் கேட்டது.

நாற்காலியில் உட்கார வைத்து, வாசலுக்கு நேராக நகர்த்தினார்கள். தெருவில் போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் மட்டும் நின்று, "எங்க எடுத்தது?" என்று கேட்டாள். "நகரி. எங்க அண்ணன் எடுத்தது" என்றாள் சரோஜா. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். "அழுத்தமான கலரு, நல்லாக் கீது" என்று அம்மா பேசி அனுப்பினாள். அதைச் சரோஜா இரண்டு தரம் போட்டுக் கேட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் களியும் கடலைச் சட்னியும். அந்தப் பக்கம் களியில் அரிசி நொய் அதிகம் போடுகிறார்கள், நம் வீட்டுக் களியைவிட வெளுப்பாக இருக்கிறது. என்னைத் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள். சட்னியைத் தொட்டுத் தொட்டு நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முட்டி இன்னா ஆச்சு?" என்றாள். கேபிள் கதையைச் சொன்னேன். எருமை மந்தை தாண்டிப் போனதைச் சொன்னபோது கையை ஆட்டி, "போதும், சிரிச்சா வலிக்குது" என்றாள்.

விடியும்போது போய்விட்டாள். புடவையை அவிழ்க்கவே விடவில்லை. அதோடுதான் போனாள்.

அன்று காலை ஊர்ப் பெரியவர்கள் வந்து கூடினார்கள். "பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சா?" என்று ஒருவர் கேட்டார். நான் புடவையைக் காட்டினேன். கட்டியிருக்கிறாளே, அதுதான் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உயிரோடு கட்டினது கோடி ஆகாது, மடிப்புக் கலையாத புதுசுதான் வேண்டும் என்றார்கள். மாமா எழுந்து பேசப் போனார். நான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். லட்சுமம்மா என் பக்கத்தில் வந்து, "நான் சொல்லல்லே நைனா, ஊரு சொல்லுது. கட்டினத நான் அவுக்க வுட மாட்டேன். அதும்மேல இன்னொண்ணு போத்திடலாம். தெச்சுடு, போ" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

சித்தூருக்குப் போனேன். டவுனில் பெரிய கடைதான், விளக்கெல்லாம் போட்டு ஜிலுஜிலுவென்று இருந்தது. வேலை செய்கிற பெண், "என்ன கலர் காட்டணும், சார்?" என்று கேட்டாள். நான் நின்றேன். முந்தின நாள் எனக்குச் சொல்ல ஆள் இருந்தது. அந்தப் பெண் மறுபடி கேட்டாள். கோடிக்கு என்று சொன்னேன். அவள் குரலை இறக்கிக்கொண்டு, தானாகவே ஒரு சிவப்புப் புடவையை எடுத்து வைத்தாள். சரி என்று வாங்கிக்கொண்டேன். பார்டர் என்ன நிறம் என்று இப்போது கேட்டால்கூட எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. கிரிப் பூ மாதிரி இருந்தது. கொஞ்சம் திருகினால் கொஞ்சம் போனது, விட்டால் உடனே அடங்கியது. இடது பக்கம் வளைந்தேன், வலது பக்கம் வளைந்தேன், சத்தம் மாறவில்லை. அத்தனை வருஷத்தில் அந்த வண்டி அவ்வளவு நன்றாக ஓடியதில்லை. எங்கேயாவது நிற்காதா என்று இருந்தது எனக்கு. இந்தப் புடவை போய்ச் சேர்ந்தால்தான் அவளை எடுப்பார்கள். நான் ரோட்டில் இருக்கும் வரைக்கும் அவள் வீட்டு வாசலில் இருப்பாள்.

ஆக்சிலேட்டரைத் திருகியும் திருகாமலும் பிடித்துக்கொண்டு வந்தேன். சைக்கிள்காரர் ஒருவர் மணி அடித்து என்னைத் தாண்டிப் போனார். மாந்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில், காரணம் இல்லாமல், இஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்தேன்.

தெருமுனையில் எல்லோரும் காத்திருந்தார்கள். மேளக்காரர்கள் களைத்துப்போய் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். யாரோ வந்து கையிலிருந்த கவரை வாங்கிக்கொண்டு போனார்கள். மாமா வந்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ நேரம் ஆயிடுச்சே, மச்சான். வண்டி எதனா தொந்தரவு பண்ணிச்சா?"

"ஆமா மாப்ளே" என்றேன். "கேபிள்தான்."

மாமா ஒரு தரம் கிரிப்பைத் திருகிப் பார்த்தார். விட்டார். அது உடனே திரும்பியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவர் ஓரமாக, நிழலில், ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு வந்தார்.